மூணாவது வீடு எங்கே பாக்கும்

எங்க மூணுமுக்கு காலனியில வீடுக திரும்ப ஆரம்பிச்சது ஒரு தை மாசத்து வெள்ளிக்கிழமை. குழாய்ல தண்ணி வர்ற நாளு, அதனாலதான் எல்லாருக்கும் நல்லா ஞாபகம் இருக்கு. குடத்தை வாசல்ல வச்சுட்டு உள்ள போன பொம்பளைக வெளிய வந்து பாத்தா வாசல் இருக்கு, குடத்தைக் காணோம். குடம் வீட்டுக்குப் பின்னால நெறஞ்சு வழிஞ்சுகிட்டு கெடக்கு. வீடு நகந்த சத்தம் ஒருத்தருக்கும் கேக்கல. அடுப்புல இருந்த பால் சிந்தல, தொட்டில்ல கெடந்த பிள்ளை முழிக்கல, சுவத்துல மாட்டியிருந்த காலண்டர் ஆடல. ஆட்டுக்கல்லுல குழவி சுத்துற மாதிரி நின்ன எடத்துலயே சுத்தி, வேற பக்கம் பாத்துகிட்டு நின்னுச்சு ஒவ்வொரு வீடும். இது எப்படி நடந்துச்சுன்னு எங்க ஆளுக யாரும் கேக்கல. தண்ணி நிக்கதுக்குள்ள குடத்தை யாரு மாத்தி வைக்கதுன்னுதான் அன்னைக்கு சண்டை.

காலனி இருக்க இருப்பைச் சொன்னாத்தான் மிச்சம் வெளங்கும். எடத்தை மிச்சம் பிடிக்கணும்னு எந்தப் புண்ணியவான் வரைஞ்சு குடுத்தானோ, தெருன்னு ஒண்ணு இங்க கெடையாது. மூணு மூணு வீடா முக்கோணம் முக்கோணமா நிப்பாட்டி, ஒரு முக்கோணத்து முக்குல இருக்க வீடே அடுத்த முக்கோணத்துக்கும் முக்கா இருக்கும், நடுவுல ஆறு பக்கத்துல ஒரு திடல் கெடக்கும். மூங்கில் கூடையில கண்ணு கண்ணா விழுமே, மேலேர்ந்து பாத்தா காலனி அப்படித்தான் இருக்கும்னு தண்ணித் தொட்டியில ஏறிப் பாத்தவன் சொன்னான். ஆக ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்து வீடு நாலு. அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் எல்லா வாசலும் மெயின் ரோட்டைப் பாத்துதான் இருந்துச்சு.

அதுக்கப்புறம் விடிஞ்சு பாத்தா ஒவ்வொரு வீடும் பக்கத்து வீடு ஒண்ணைத் தேடிப் பிடிச்சு, அதுக்கு எதிர்முகமா, வாசலும் வாசலும் பாக்க நிக்கும். ஒண்ணு வடக்கே பாத்தா மத்தது தெக்கே பாக்கும். இன்னைக்கு இந்த வீட்டோட, நாளைக்கு அந்த வீட்டோட, நாளைக்கழிச்சு மறுபடி பழைய ஜோடி. எதுவும் நிலை கெடையாது. ஆனா காலனியில வீடு மொத்தம் அறுபத்தொண்ணு. ஜோடி ஜோடியாப் பிரிச்சா ஒண்ணு மிஞ்சத்தானே செய்யும். மிஞ்சின வீடு எவன் வீட்டு முதுகையாவது, இல்ல காம்பவுண்டு சுவரைப் பாத்துகிட்டு அன்னைக்குப் பூரா தனியா நிக்கும். அதுக்கு ‘ஒத்தை விழுந்த வீடு’ன்னு பேரு வச்சோம். அந்த ஒத்தையும் ஒரு எடத்துல நிக்காது. பக்கத்து ஜோடியில ஒரு வீடு பிரிஞ்சு வந்து ஒத்தையோட சேந்துகிட்டா, விட்டுட்டு வந்த துணை அடுத்த ஒத்தை ஆயிரும். இப்படி அது வீடு வீடா, முக்கு முக்கா, காலனி பூராவும் நடந்துகிட்டே இருந்துச்சு.

மனுசன் எதுக்குத்தான் பழகல. குழாயை எல்லாம் அறுத்துட்டு நீளமா ரப்பர் டியூப் போட்டோம். கரண்டு ஆபீஸ்லேர்ந்து வந்த லைன்மேன் ரெண்டு தடவை சுத்தி வந்து பாத்தான், ஒயரைத் தொளதொளன்னு விட்டுக் கட்டிட்டுப் போயிட்டான். வாசல்ல கோலம் போட்டா விடியுறதுக்குள்ள வாசல் நகந்துருதுன்னு, பொம்பளைக வீட்டைச் சுத்தி வட்டமாவே கோலம் போட ஆரம்பிச்சாவ. சொத்துத் தகராறுல வருசக்கணக்கா பேசாம கெடந்த அண்ணன் தம்பி வாசல் ரெண்டும் ஒரு நாள் மூஞ்சிக்கு மூஞ்சி நிக்கப்போயி, எத்தனை நேரந்தான் வானத்தைப் பாக்கன்னு கடைசில காப்பி ஆத்திக் குடுத்துகிட்டானுவ. ஒத்தைக்குன்னு தனியா சாஸ்திரமும் மொளைச்சுது: ஒத்தை விழுந்த வீட்டுல செருப்பைக் கழத்தக்கூடாது, உப்பு வாங்கக்கூடாது, நல்ல காரியம் பேசக்கூடாது. ஒத்தை விழுந்த வீட்டுக்காரன் வீட்டைப் பூட்டிட்டு அன்னைக்கு சொந்தக்காரன் வீட்டைப் பாத்து பஸ் ஏறிருவான்.

பஸ் ஏறாம வீட்டுலயே இருந்தது ரெண்டே பேரு. ஒண்ணு நான், பால்வண்ணம், அரசு பஸ்ஸில கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன், காலனியில கண்டக்டர்னு சொன்னாத்தான் தெரியும். வீட்டுக்காரி போய்ச் சேந்துட்டா, மகன் துபாய்ல. இன்னொண்ணு எஸ்தர் டீச்சர். பெண்கள் பள்ளிக்கூடத்துல பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்தவுக, கலியாணம் முடிக்கல, கூடப் பொறந்தவங்களும் இல்ல, ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்தா அடுத்த ஞாயிறு வரை அவுக வீட்டுப் படியில யாரும் ஏறி நான் பாத்ததில்ல. ஒத்தை அவுக வீட்டுக்கு வந்தாலும் வராட்டாலும் அவுகளுக்கு வித்தியாசம் தெரியுமான்னே எனக்கு சந்தேகம்.

அவுக வீடும் என் வீடும் ஒரே முக்கோணத்துல ரெண்டு முக்கு. ஆக சில நாளு விடியும்போது கதவைத் தொறந்தா எதிர்ல அவுக கதவு இருக்கும். அன்னைக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியை வாசல்ல போட்டு உக்காந்துக்குவோம். அவுக கருப்பட்டிக் காப்பி போட்டு எனக்கும் ஒரு தம்ளர் நீட்டுவாவ. பெருசா ஒண்ணும் பேசினதில்ல. எந்த ரூட்டுல எந்த ஸ்டாப்புல கூட்டம் ஏறும்னு நான் சொல்லுவேன், எந்தப் பிள்ளை பரீட்சையில என்ன எழுதி வச்சுதுன்னு அவுக சொல்லுவாவ, வெயில் படியில ஏறினதும் எந்திரிச்சிருவோம். நானாப் போயி அவுக வாசல்ல நின்னா ஊரு வாயை மூட முடியுமா? வீடே திரும்பி நின்னா எவன் என்ன சொல்ல முடியும்? அந்தக் காலைக்காகத்தான் நான் உசுரோட இருந்தேன்னு சொன்னா சிரிப்பீங்க. சிரிங்க, எனக்கென்ன.

அப்படி ஒரு காலையிலதான் இந்த வீடுகளுக்கு என்ன கிறுக்கு டீச்சர்னு கேட்டேன். அவுக எந்திரிச்சு உள்ள போயி இன்னொரு நாற்காலி கொண்டு வந்தாவ. ரெண்டு நாற்காலியை எதிரும் புதிருமா போட்டாவ. மூணாவதைக் கையில வச்சுகிட்டு, ரெண்டுக்குமே எதிர்முகமா இதைப் போடணும், எங்க போடட்டும்னு கேட்டாவ. நானும் சுத்திச் சுத்திப் பாத்தேன், போடதுக்கு வழி இல்ல. அவுககிட்ட படிச்ச பிள்ளை ஒண்ணு வெளிநாட்டுல இதைத்தான் ஆராய்ச்சி பண்ணுதாம். கண்ணுக்குத் தெரியாத பொடிக் காந்தம், ஒரு தாளு கனத்துல பரப்பி வச்சது, ஒவ்வொண்ணும் பக்கத்துல இருக்கதுக்கு எதிர்ப்பக்கம்தான் பாப்பேன்னு நிக்குமாம். வரிசையா இருந்தா மாத்தி மாத்திப் பாத்துகிட்டு அடங்கிரும், முக்கோணமா இருந்தா அடங்க வழியே கெடையாது. எவ்வளவு குளிர வச்சாலும், இதுக்கு மேல ஓய முடியாதுன்னு எல்லாம் ஓஞ்ச பொறகும், உள்ளுக்குள்ள ஜோடி மாறிகிட்டே கெடக்குமாம்.

“மிஞ்சினது இருக்கே, அதுதான் அங்க சுதந்திரமா நடக்கும். மத்தது எல்லாம் ஜோடியில கட்டுண்டு கெடக்கும்”னாவ டீச்சர். “இன்னொண்ணும் எழுதியிருக்கா அந்தப் பிள்ளை. ஜோடி சேர பக்கத்துலதான் இருக்கணும்னு இல்லியாம். எட்டக் கெடந்தாலும் ஒண்ணு இப்படிப் பாத்தா மத்தது அப்படிப் பாக்குமாம். என்ன, பிடிமானம் கொஞ்சம் கம்மி.”

சொல்லிட்டு தம்ளரைக் கழுவ உள்ள போயிட்டாவ.

இப்படியே போயிருக்கும், காலனி சங்கத்து செயலாளர் தளவாய் மகளைப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு அவரு வீட்டுல ஒத்தை விழாம இருந்திருந்தா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ரெண்டு கார்ல தட்டு பழத்தோட வந்து எறங்கினா, வாசல் காம்பவுண்டு சுவரை ஒட்டி நிக்குது, ஒரு ஆளு பக்கவாட்டுல நொழையத்தான் எடம். அவங்க மூத்த ஆளு ஒருத்தரு வயித்தை எக்கிகிட்டு பாதி நொழைஞ்சு மாட்டிகிட்டாரு. பாவம், தளவாய் நல்ல மனுசன்தான், ஊருக்கு ஒண்ணுன்னா மொதல்ல நிப்பாரு. ஆனா தட்டு திரும்பிப் போனதைப் பாத்துகிட்டு நின்ன மகளோட மூஞ்சியை அவரால தாங்க முடியல. இதுக்கு ஒரு முடிவு கட்டாம விடதில்லன்னு கெளம்பிட்டாரு.

மொதல்ல வடம் கட்டினோம். கோயில் தர்மகர்த்தா கையைக் காலைப் பிடிச்சு, தேர் ஓடாத மாசமாப் பாத்து தேர் வடத்தை வாங்கி வந்து, ஒவ்வொரு வீட்டையும் வளைச்சு, எல்லா வாசலும் பழையபடி ரோட்டைப் பாக்க இழுத்துக் கட்டினோம். பாக்கதுக்கு என்னமோ அழகாத்தான் இருந்துச்சு. ஆனா பஸ்ஸில உக்காந்தவன் முன்னால இருக்கவன் பிடறியைத்தானே பாப்பான்? கண்டக்டர் ஒருத்தன்தான் ஆளுக மூஞ்சியைப் பாப்பான். முன்னாடி நாங்க அப்படித்தான் இருந்தோம், அப்போ தெரியல. இப்போ வாசலும் வாசலும் பாத்துப் பழகின பொறகு, காலையில எந்திரிச்சு எதிர்வீட்டு முதுகைப் பாக்க ஒருத்தருக்கும் பிடிக்கல. வீடுகளுக்கும் பிடிக்கல போல. சுவரெல்லாம் முறுக்கிகிட்டு விரிசல் விட்டுச்சு, சிமிண்டு உதிந்து சோத்துல விழுந்துச்சு, கூரை தலையில விழுமோன்னு பயந்து அவனவனே வடத்தை அவுத்துட்டான்.

அப்புறந்தான் அந்தக் கூட்டம். ஒரு வீடு கொறைஞ்சா அறுபது, எல்லாருக்கும் ஜோடி, ஒத்தைங்கிற பேச்சே கெடையாதுன்னு தளவாய் சொன்னாரு. புதுசா ஒண்ணு கட்டலாம்னா ஒரு செண்டு எடம் பாக்கி இல்ல. ஆளைக் கெளப்பினா பத்தாது. மும்பைக்காரர் வீடு வருசக்கணக்கா பூட்டித்தான் கெடக்கு, அதுவும் மத்த வீட்டோட சேந்து திரும்பத்தான் செஞ்சுது. அதையே கெளப்புவோம்னா ஆளு இல்லாத வீட்டுல கை வச்சா கேஸ் போடுவாரு. அப்போ யாரு வீட்டைன்னு யாரும் வாயைத் தொறந்து சொல்லல. எல்லாரும் எஸ்தர் டீச்சரைத் திரும்பிப் பாத்தாவ, அவ்வளவுதான். ஒண்டிக்கட்டை, கேக்க நாதி இல்ல, பாளையங்கோட்டையில சிஸ்டர்மாரு நடத்துற இல்லம் இருக்கு, நல்லாப் பாத்துக்குவாவ, பேச்சுத் துணையும் ஆச்சுன்னு ஆளாளுக்கு அன்பாத்தான் சொன்னாவ.

டீச்சர் முந்தானை நுனியைச் சுருட்டிகிட்டே இருந்தாவ. அப்புறம் எந்திரிச்சு நின்னாவ, பாடம் எடுக்கப் போற மாதிரி.

“எனக்கு மனுசங்க கெடையாது, ஒத்துக்கிடுதேன். ஆனா காலையில கதவைத் தொறந்தா இன்னைக்கு எதிர்ல யாரோன்னு ஒரு ஆசை இருக்கு. இந்த வயசுல எனக்கு இருக்கது அது ஒண்ணுதான். அதையும் கேக்கீங்களா?”

தளவாய் தரையைப் பாத்தாரு. ஆனா தீர்மானத்தைக் கீழ வைக்கல, எனக்குத் தெரியும் அந்த மனுசன் வைக்கமாட்டாரு, மக மூஞ்சி அவரு கண்ணுக்குள்ள நிக்கி. நான் எந்திரிச்சு, என் வீட்டைக் கெளப்புங்கன்னேன். எல்லாரும் என்னைக் கிறுக்கனைப் பாக்க மாதிரி பாத்தாவ. “எதுக்கு வே?”ன்னு தளவாய் கேட்டாரு.

“சர்வீஸ் பூராவும் நின்னுகிட்டே பிரயாணம் பண்ணினவன் நான். எனக்கு சீட்டு வேண்டாம்”னேன்.

அன்னைக்கு நான் நெனைச்சது இதுதான்: டீச்சருக்கு தெனமும் எதிர்ல ஒரு வாசல் இருக்கும், அது என் வாசலா இல்லாட்டா என்ன. அதைச் சொல்ல முடியுமா? சொல்லல.

இடிக்க மனசில்லாம வீட்டை அப்படியே இழுக்கதுன்னு முடிவாச்சு. அதான் தன்னால சுத்துதே, மண்ணுல ஒட்டிகிட்டா இருக்கு? அதே தேர் வடத்தைக் கட்டி, ஆணும் பொண்ணும் ரெண்டு வரிசையா நின்னு பிடிக்க, பின்னால நாலு பேரு தேருக்குப் போடுற மாதிரி முட்டுக்கட்டை போட, நான் வாசப்படியில நின்னுகிட்டு பழைய விசிலை எடுத்து ஊதினேன்: ரெண்டு விசில்னா போலாம், ஒரு விசில்னா நிறுத்து. திடலைத் தாண்டி, புளியமரத்தைத் தாண்டி, குளத்துக்கரை வரைக்கும் இழுத்துகிட்டுப் போயி விட்டாவ. நல்லாத்தான் சிரிச்சுப் பேசிகிட்டு இழுத்தாவ. டீச்சர் வடத்தைப் பிடிக்க வரல. வாசல்ல நின்னாவ, வீடு வளைவுல திரும்புற வரைக்கும் நான் பாத்தேன். நான் வந்தா வீடும் பின்னாலயே வந்து கணக்கு கெட்டுரும், இனிமே காலனிக்குள்ள காலு வைக்கக்கூடாதுன்னும் ஒரு தீர்மானம். பால்காரர் மட்டும் சைக்கிள்ல வந்துட்டுப் போவாரு.

தளவாய் சொன்னது பலிச்சுது. அறுபது வீடும் ஜோடி பிடிச்சுது, ஒத்தை போயிருச்சு. அதோட திரும்புறதும் போயிருச்சு. அன்னைக்கு எது எதோட சேந்துச்சோ அது அதோட அப்படியே ஒறைஞ்சு நின்னுருச்சு. தளவாய் மகளுக்கு நல்ல எடத்துல கலியாணம் முடிஞ்சுது, எனக்கும் பந்தி சாப்பாடு கேரியர்ல வந்துச்சு. நல்லாருக்கட்டும். கொஞ்ச மாசத்துல ஒரே மூஞ்சியைப் பாத்துப் பாத்து சலிச்சுப்போயி எதிரெதிர் வாசல்ல தார்ப்பாய் கட்ட ஆரம்பிச்சிட்டாவன்னு பால்காரர் சொன்னாரு. டீச்சர் வீடு எதைப் பாக்குதுன்னு கேக்க எனக்கு நாக்கு வரல. அவராத்தான் சொன்னாரு: மும்பைக்காரர் வீட்டை.

பூட்டின கதவை! என் வீட்டைக் கெளப்பி நான் அவுகளுக்கு வாங்கிக் குடுத்தது ஒரு திண்டுக்கல் பூட்டு. அன்னைக்கு குளத்துக்கரையில உக்காந்து வாய்விட்டு அழுதேன், கேக்க ஆளு இல்லாத எடம், கூச்சப்பட என்ன இருக்கு. கரையிலேர்ந்து பாத்தா அவுக வீட்டு முதுகு மட்டும் தெரியும், ஒரு சன்னலு, கொடியில காயப்போட்ட சேலை. காலையில சேலையைப் பாப்பேன், சாயங்காலம் சேலை இல்லாத கொடியைப் பாப்பேன். என் வாசல் குளத்தைப் பாத்து நின்னுச்சு. குளத்துல தண்ணி வத்தி, கொக்கு வந்து, கொக்கு போயி, ஐப்பசி மழைக்கு மறுபடி தண்ணி வந்துச்சு.

மழை விட்ட ஒரு காலையில கதவைத் தொறந்தேன், குளத்தைக் காணோம். எதிர்ல புளியமரம், அதுக்கு அங்கிட்டு திடல், அதுக்கு அங்கிட்டு காலனி. என் வீடு, சுத்துமுத்துல ஒரு வீடு இல்லாத என் வீடு, தன்னால பாதி சுத்து சுத்தி நிக்கி. நேர் எதிர்ல, அந்தக் கடைசியில, சன்னலும் கொடியும் தெரிஞ்ச எடத்துல ஒரு கதவு தெரியுது. கண்ணைக் கசக்கிப் பாத்தேன். டீச்சர் வீட்டுக் கதவுதான், பச்சை பெயிண்டு.

டீச்சர் வீடு என் பக்கம் திரும்பிட்டதால, துணை போன மும்பைக்காரர் வீட்டுல ஒத்தை விழுந்துச்சு. மறுநாள் அது அங்கேர்ந்து நடக்க ஆரம்பிச்சுது. அறுபதுன்னு கணக்குப் போட்டு வச்சது மறுபடி அறுபத்தொண்ணா ஆயிருச்சேன்னு காலனியில ஒரே கூச்சல், தார்ப்பாயெல்லாம் கிழிஞ்சு தொங்குது, வீடுக திரும்பிகிட்டே இருக்கு. நாலாம் நாளு தளவாய் வடத்தைத் தோளுல சுத்திகிட்டு தனியா வந்தாரு. “இன்னும் கொஞ்சம் தள்ளி அக்கரைக்குக் கொண்டு போயிருவோம் வே”ன்னாரு. கோவப்படக்கூட எனக்குத் தெம்பில்ல.

“எவ்வளவு தூரந்தான் வே இழுப்பீரு?”ன்னேன்.

அவரு கொஞ்ச நேரம் காலனியைப் பாத்தாரு, என் வாசலைப் பாத்தாரு, அந்தப் பச்சைக் கதவைப் பாத்தாரு. என்ன வெளங்கிச்சோ, வடத்தைக் கீழ போட்டாரு. இன்னைக்கு எங்க வீட்டுல ஒத்தை வே, மகளும் போயிட்டா, வீட்டுக்குள்ள இருக்க முடியலன்னு சொல்லிகிட்டே என் வாசல்ல கெடந்த நாற்காலியில உக்காரப் போனாரு. அதுல வேண்டாம், படியில உக்காரும்னேன். முறைச்சாரு, ஆனா செருப்பைக் கழத்தி வச்சுட்டு படியிலதான் உக்காந்தாரு.

அந்த நேரம் பாத்து அந்தக் கடைசியில பச்சைக் கதவு தொறந்துச்சு. டீச்சர் ஒரு நாற்காலியைக் கொண்டு வந்து போட்டாவ. உள்ள போயி இன்னொண்ணும் கொண்டு வந்து போட்டாவ. ஒண்ணுல உக்காந்தாவ. அவ்வளவு தூரத்துக்குக் கூப்பிட்டா கேக்காது, மூஞ்சி தெரியாது, காப்பியை நீட்ட முடியாது. நான் விசிலை எடுத்து ஒண்ணே ஒண்ணு ஊதினேன், ஆளு எறங்கணும், நிறுத்துன்னு. தளவாய் காதைப் பொத்திகிட்டாரு. அங்க அவுக கை ஒசந்துச்சு. எனக்குத்தான் கையை ஆட்டினாவளா, காக்காயை வெரட்டினாவளான்னு இவ்வளவு தூரத்துல எப்படிச் சொல்ல. நானும் கையை ஆட்டினேன்.